மறியும் கடல்நாயும்

ஒரு மொழியிலுள்ள நூலை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்லுங்கால், அந்நூலில் வரும் மாந்தர் எளிதிற் குடிபெயர்ந்து விடுவர்; விலங்குகளும் பறவைகளுமோ அத்துணை எளிதிற் பெயர்வதில்லை. மாந்தனின் அன்பும் சினமும் அச்சமும் எந்நிலத்தும் ஏறத்தாழ ஒருதன்மையவே. ஆடும் கழுதையும் நரியும் கூகையும் அவ்வந்நிலத்தின் மண்ணோடும் தொழிலோடும் பழமொழியோடும் பின்னிக் கிடப்பன. மேலைநாட்டார்க்கு அறிவின் அடையாளமாக நிற்கும் ஆந்தை நம்மூர்த் திண்ணையில் தீக்குறி. நம் வேந்தர்க்கு வலிமையின் வடிவாய் நின்ற களிறு பனிநிலத்தார்க்குக் கேட்டறியாத வியப்பு. ஆகலின், விலங்கைக் கொண்டு பேசும் நூலைப் பெயர்ப்போன் அவ் விலங்கின் பெயரை மட்டும் பெயர்த்தாற் போதுமா, அன்றி அது சுட்டும் பொருளையும் உடன்பெயர்க்க வேண்டுமா எனும் வினா எழுகின்றது.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் கிறித்தவ மறைநூல் மொழிபெயர்ப்பாகும். முழுமையாகவோ பகுதியாகவோ 3,000க்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பெற்ற நூல் அது. பாலைத்தீன் நிலத்து ஆயரும் உழவரும் மீனவரும் கண்முன் கண்ட விலங்குகளே அதன் உவமைகளிற் பெரும்பகுதியை நிரப்பி நிற்கின்றன. ஆட்டையே காணாத மக்கட்கு ஆட்டை எவ்வாறு சொல்வது? இதுவே மொழிபெயர்ப்பாளர் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்ளும் வினா.

"மறைநூற் பெயர்ப்பு அச் சமயத்தார் கவலை, தமிழ் காக்க முனைந்த நமக்கு அதில் என்ன வேலை?" என அன்பர் சிலர் வினவலாம். வேலையுண்டு. உலகின் சிறுமொழிகள் பலவற்றுக்கு முதன்முதல் எழுத்தும் அச்சும் அளித்த நூல் இதுவே. ஒரு மொழி எழுத்தேறும் அந்நாளில் எச்சொல் உள்ளே நுழைகின்றதோ அச்சொல்லே பின்னர் வேரூன்றும். தமிழ் அத்தகைய சிறுமொழியன்று. ஆயினும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சேறியது முதல், தமிழ் உரைநடையின் போக்கில் மறைநூற் பெயர்ப்புக்கும் ஒரு பங்குண்டு. அதனுள் நுழைந்த வடசொற்கள் எத்துணை ஆழமாகத் தமிழ்க் கிறித்தவர் நாவிற் படிந்தன என்பதை நாம் அறிவோம். எனவே இது சமயச் சிக்கல் மட்டுமன்று, மொழிச் சிக்கலுமாம்.

பனிநிலத்தில் ஆடு ஏது?

யோவான் எழுதிய நற்செய்தியின் முதற்பகுதியில் இயேசு ஓர் ஆட்டுமறியாகச் சுட்டப்பெறுகின்றார். உலகோர் தீவினையைத் தான் சுமந்து நீக்கும் மறி என்பது அதன் கருத்து. வடமுனையை அடுத்த பனிநிலத்தில் வாழும் இனுயிட்டு மக்கள் ஆடு மேய்த்தவரல்லர். கடல்நாயை வேட்டையாடி, அதன் ஊனை உண்டு, தோலை உடுத்து, நெய்யை எரித்து வாழ்ந்தவர். அவர்க்கு "இறைவனின் கடல்நாய்க்குட்டி" என்று பெயர்த்தால் என்ன? வெண்மையும் மென்மையும் உடைய அவ்விளங்குட்டி ஆட்டுமறி போன்றே தீங்கறியாத் தோற்றமுடையதன்றோ? மொழிபெயர்ப்பாளரிடையே மீளமீளப் பேசப்படும் வினா இது.

இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு கொள்கை நிற்கின்றது. அமெரிக்க மொழியறிஞர் யூசீன் நைடா 1964இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பியல் நூலில், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும், முதனூலைக் கேட்டோர் உள்ளத்தில் எழுந்த விளைவு பெயர்ப்பைக் கேட்போர் உள்ளத்திலும் எழுமாறு செய்வதே சிறந்தது என வலியுறுத்தினார். இக்கொள்கை பயன்மிக்கது என்பதில் ஐயமில்லை. பனியையே காணாத வெப்பநிலத்து மக்கட்கு "பனிபோல் வெண்மை" என்பதற்கு மாறாகக் "கொக்கின் இறகுபோல் வெண்மை" என்றால் கெடுவதொன்றுமில்லை. அங்கே வேண்டப்படுவது வெண்மை. பனி வெறும் துணை. ஆயின் அக்கொள்கையைத் தம் விருப்பம்போல் நீட்டுவோர் ஆட்டையும் அவ்வாறே மாற்றலாம் என்கின்றனர். இங்கேதான் பிழை நேர்கின்றது.

என்னை? மறி ஓரிடத்தில் தோன்றி மறையும் உவமையன்று. எகிப்தினின்று விடுதலை பெற்ற இரவில் இசுரவேலர் அறுத்துக் கதவுநிலையிற் குருதி பூசிய மறி. எசாயாவின் பாடலில் வாய் திறவாது கொலைக்களம் செல்லும் மறி. யோவான் சுட்டிய மறி. இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டில், அரிமா வருகின்றது எனக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவன் கண்ணுக்குக் கொல்லப்பட்ட நிலையில் தோன்றும் மறி. இவை யாவும் ஒரே நூலிற் கோத்த மணிகள். ஒரு மணியைக் கழற்றிக் கடல்நாயை வைத்தால் ஏனைய மணிகளிலும் கடல்நாயையே வைக்க வேண்டும். வைத்தால், எகிப்தின் ஆற்றங்கரையில் அடிமைகளாயிருந்தோர் தத்தம் இல்லந்தோறும் கடல்நாய் வைத்திருந்தனர் என்றாகும். கடல்நாயை யாரும் மேய்ப்பதில்லை. பெயர் சொல்லி அழைப்பதில்லை. காணாமற்போன ஒன்றைத் தேடித் தோளிற் சுமந்து வருவதில்லை. அங்ஙனமாயின் நல்லாயன் உவமை என்னாவது? வேட்டைக்காரன் ஆயனாக முடியுமா?

காலமும் இம்மாற்றத்தைப் பொய்யாக்கிவிடும். கிரீன்லாந்துத் தீவின் தென்பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செம்மறி வளர்ப்பு ஒரு தொழிலாகவே நடந்து வருகின்றது. கடல்நாய் வேட்டையன்றி வேறறியார் எனக் கருதப்பட்ட அம்மக்களின் பெயரர்கள் இன்று ஆட்டுமந்தை ஓட்டுகின்றனர். அவர்தம் மறைநூலிற் கடல்நாய் இருந்திருப்பின், தம் கொல்லையில் நிற்கும் ஆட்டை நூலுள் காணாது அவர்கள் நகைத்திருப்பர். மக்கள் அறியாமையை நிலையானதென்று எண்ணி நூலை வளைப்பவன் அம்மக்களை இழிவு செய்கின்றான். இன்று காணாத விலங்கை நாளைக் கண்டறியும் ஆற்றல் எந்த மக்களுக்கும் உண்டு. கீழ்ப்பனிநிலத்து இனுயிட்டு மொழியில் முழு மறைநூலும் 2012இல் வெளிவந்தது. 1978இல் தொடங்கிய அப்பணியை அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இனுயிட்டு மக்களே செய்து முடித்தனர் என்பது நாம் கருதிப் போற்றத்தக்கது. தம் மொழிக்கு எது பொருந்தும் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இருந்தது.

பன்றி காட்டும் பாடம்

பப்புவா நியூகினியின் மலைநாட்டில் பன்றியே செல்வம். மணத்திற்குக் கொடுப்பதும், பகைதீர்க்க ஈவதும், முன்னோர்க்குக் காவு கொடுப்பதும் பன்றியே. அம்மக்கட்கு "இறைவனின் பன்றிக்குட்டி" என்றாலே காவின் பொருள் உள்ளத்தில் தைக்கும் என வாதிடுவோர் உண்டு. உணர்வளவில் இது கடல்நாயினும் வலிய வாதம். ஆயின் அதே மறைநூலைத் திறந்து பார்மின்! மோசேயின் சட்டத்தில் பன்றி உண்ணத்தகாத தீட்டு விலங்கு. தீய ஆவிகள் புகுந்து கடலில் வீழ்ந்து மாண்டவை ஏறத்தாழ 2,000 பன்றிகள். தந்தையை விட்டோடிய இளைய மகன் வீழ்ந்த வீழ்ச்சியின் அடியாழம் பன்றி மேய்த்தது. ஓரிடத்தில் இறைமகனைப் பன்றியாக்கிவிட்டு மற்றை இடங்களில் என் செய்வது? அங்கெல்லாம் பன்றியை வேறு விலங்காக மாற்றினால் அது மொழிபெயர்ப்பாகாது, வேறு நூலாகும்.

அந்நாட்டில் இன்று பெரிதும் வழங்கும் தோக் பிசின் மொழியில் 1989இல் முழு மறைநூல் வெளிவந்தது. அதில் ஆட்டுக்கு ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த "சிப்சிப்" எனும் பெயரே நிற்கின்றது. ஆங்கிலத்தினின்றே பெரிதும் கிளைத்த அம்மொழிக்கு அது பொருந்தலாம். ஆனால் அந்நாட்டில் 800க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் வழங்குகின்றன. அவற்றுள்ளும் இவ்வாறே ஆங்கில ஒலியை இட்டு நிரப்பினால் என்னாகும்? பெயர்ப்பாளர்க்கு எளிது, அம்மொழிகட்கோ முதல் நூலிலேயே கடன் தொடங்கிவிடும்.

ஆக, இரண்டு வழிகள் நம்முன் நிற்கின்றன. ஒன்று, பொருளைத் திரித்து உள்நாட்டு விலங்கை இடுதல். மற்றொன்று, பொருளைக் காத்து அயன்மொழி ஒலியை இடுதல். முன்னது நூலைக் கெடுக்கும். பின்னது மொழியைக் கெடுக்கும். இவ்விரண்டுமன்றி மூன்றாவது வழியொன்றும் உண்டு. விலங்கு அவர்களுடையதாகவே இருக்கட்டும். சொல் நம்முடையதாக இருக்கட்டும். இல்லாத பொருளுக்குத் தன் வேரினின்று காரணப்பெயர் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் எல்லா மொழிக்கும் இயல்பு. அவ்வாற்றலைத் தட்டி எழுப்புவதே நல்ல பெயர்ப்பாளன் கடன்.

தமிழில் நிகழ்ந்தது

தமிழின் நிலை இம்மொழிகளினின்று முற்றும் வேறு. பாலைத்தீன் விலங்குகளிற் பெரும்பாலானவை நமக்கு அயலானவை அல்ல. பாலைநில விலங்காகிய ஒட்டகத்தைக்கூடத் தொல்காப்பிய மரபியல் பெயர் சுட்டிச் சொல்கின்றது; அகநானூறும் அறியும். ஆகவே பெயர்ப்பாளர்க்குத் தமிழிற் சொற்பஞ்சம் இருந்ததில்லை. இருந்தது தமிழறிவுப் பஞ்சமே.

சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரிதும் படிக்கப்பெறும் 1871ஆம் ஆண்டுப் பதிப்பை நோக்குமின். "பாம்பு" எனும் எளிய சொல் நாடெங்கும் நடமாட, ஏதேன் தோட்டத்துள் நுழைந்தது "சர்ப்பம்". ஏன்? மறைநூலுக்குத் தகுந்த பெருமிதம் வடசொல்லுக்கே உண்டு எனும் மயக்கம். பாம்பு என்றாற் குழந்தைகூட அஞ்சும். சர்ப்பம் என்றால் யார் அஞ்சுவர்? அச்சமே பொருளான இடத்தில் அச்சமூட்டும் சொல்லை விலக்கியது எத்தகைய பெயர்ப்பு?

அப்பதிப்பிலேயே எண்ணாகமத்திலும் யோபு நூலிலும் "காண்டாமிருகம்" ஒன்று நிற்கின்றது. எபிரேய முதனூல் கூறும் விலங்கு, இன்று அறிஞர் பெரும்பாலோர் கொள்கைப்படி, பெருங்கொம்புடைய காட்டெருது. 1627இல் போலந்து நாட்டுக் காட்டில் கடைசி ஒன்று மாண்டதோடு அவ்வினமே அற்றுப்போயிற்று. கிரேக்கத்திற் பெயர்த்தோர் அதனை ஒற்றைக் கொம்பன் ஆக்கினர். ஆங்கிலத்தார் இல்பொருளாகிய ஒற்றைக்கொம்புக் குதிரையாக்கினர். தமிழில் அது கண்டாரஞ்சும் தோற்பாறையாகி வந்து நின்றது. முல்லையும் குறிஞ்சியும் பாடிய நம் புலவர் "ஆமா" என்று காட்டாவைப் பாடி வைத்திருக்க, பிறமொழிப் பிழையைத் தமிழிற் சுமந்துவந்தனர். ஆமா அவ்வெருதின் அதே இனமன்று. ஆயினும் எருதினத்துக் காட்டுவிலங்கு. மூக்கிற் கொம்புடைய விலங்கினும் அது எத்தனையோ நெருங்கியது.

இனித் "தகசு", "பிகெமோத்", "லிவியாதான்" என எபிரேய ஒலியை அப்படியே நிறுத்திய இடங்களும் உள. இவை எவ்விலங்குகள் என்பதில் அறிஞரிடையே ஒருமையில்லை. ஆகலின் ஒலியைக் காத்தது ஓரளவு பொறுக்கத்தக்கதே. ஐயமுள்ள இடத்தில் ஒலிபெயர்ப்புக்கு இடமுண்டு. ஐயமேயில்லாத பாம்புக்கு வடமொழிப் போர்வை எதற்கு என்பதே நம் வினா.

நன்று செய்த இடங்களையும் சொல்லாதுவிடின் அது நடுநிலையாகாது. ஒட்டகம் நுழையும் உவமையில் ஆங்கிலத்தார் ஊசிக்குக் "கண்" என்பர். நம் பெயர்ப்பாளர் அதனைக் கண்டு மயங்காது, தமிழ்மரபு பற்றி ஊசியின் "காது" என்றே எழுதினர். கிரேக்க முதனூலிலோ கண்ணுமில்லை, காதுமில்லை; துளை மட்டுமே உண்டு. துளையைத் தமிழன் எவ்வாறு சொல்வானோ அவ்வாறு சொன்னதே சிறந்த பெயர்ப்பு. அதற்காக ஒட்டகத்தை அகற்றி யானையை நிறுத்தவில்லை என்பதும் கருதத்தக்கது. பாபிலோனிய யூதரின் தால்முது நூலில் ஊசித்துளையில் யானை நுழைவதாகவே ஒரு வழக்குண்டு. அது அவர்தம் நாட்டு வழக்கு. இயேசு சொன்னது ஒட்டகம். தமிழிலும் ஒட்டகமே நிற்கின்றது. படிப்போர் எவரும் இடர்ப்படவில்லை.

மறி எனும் சொல்

ஆட்டுக்கு மீள்வோம். "தேவ ஆட்டுக்குட்டி" என்பது சீர்திருத்தச் சபையார் வழக்கு. "சர்வேசுரனுடைய செம்மறிப்புருவை" என்பது கத்தோலிக்கரின் பழைய வழக்கு. இன்று அவர்தம் வழிபாட்டில் "இறைவனின் செம்மறி" என ஒலிக்கின்றது. சர்வேசுரன் விலகி இறைவன் வந்தது மகிழத்தக்க மாற்றம். ஆயினும் இதற்கினிப் பொருத்தமானதொரு சொல் நம் பழங்கருவூலத்தில் இருக்கின்றது. அதுவே மறி.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது கூறி, அவற்றுள் ஆட்டின் இளமைக்கு மறி என்பதை வகுக்கின்றது. ஆட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் தருகின்றது. இத்துணைச் சொல்வளம் மிக்க மொழியை நோக்கி "இதில் எம் ஆட்டைச் சொல்ல இயலுமா?" என எவரும் கேட்க வேண்டுவதில்லை.

மறி எனும் சொல்லுக்கு மற்றொரு சிறப்புமுண்டு. விடுதலை இரவின் மறியைப் பற்றிய எபிரேயச் சொல் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொதுவானது. செம்மறியாட்டினின்றோ வெள்ளாட்டினின்றோ எடுக்கலாம் என்று விடுதலைப் பயணநூலின் 12ஆம் பிரிவே வெளிப்படையாகச் சொல்கின்றது. ஆங்கிலச் சொல் செம்மறிக்குட்டியை மட்டுமே குறிப்பது; அங்கே ஆங்கிலத்தார் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். தமிழ் மறியோ எபிரேயச் சொல்லைப் போன்றே இருவகை ஆட்டுக்கும் பொது. நெடுந்தொலைவிலுள்ள ஆங்கிலத்தின் வழியே எபிரேயத்தைப் பார்த்தவர்க்கு இவ்வொப்புமை புலப்படாமற் போயிற்று.

காவு கொடுக்கும் கருத்தும் நமக்குப் புதிதன்று. தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகணங்கு எனக் கொண்டு, வேலன் வெறியாடிச் சிறுமறியைக் கொன்று காவு கொடுத்தல் சங்கப் பாடல்கள் பலவற்றில் வருகின்றது. அக்காவு பயனற்றது, நோயோ காதல்நோய் என்று தோழி எள்ளுவதும் அப்பாடல்களிலேயே உண்டு. எள்ளினும் ஏற்பினும், ஒருவர்க்கு உற்ற இடும்பைக்காகத் தீங்கறியா மறியொன்று உயிர்விடும் காட்சி தமிழ் உள்ளத்திற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அச்சமயத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அவ்வுருவகத்தைத் தமிழில் உணர்த்தக் கடல்கடந்த சொல் எதுவும் வேண்டா.

கடைநாளில் செம்மறியையும் வெள்ளாட்டையும் ஆயன் வலமிடமாகப் பிரிக்கும் உவமையும் அத்தகையதே. மேலைநாட்டில் வெண்மயிர் அடர்ந்த செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் தொலைவிலேயே வேறுபாடு தெரியும். பிரிப்பதில் என்ன அருமை என அவர்கள் வினவுவர். இரண்டையும் ஒரே மந்தையாக ஓட்டி ஒரே கிடையில் மடக்கும் நம்மூர் ஆயர்க்கு அவ்வுவமை விளக்கமின்றியே விளங்கும். பாழ்மனையிற் கூகை அலறும் திருப்பாடல் உவமையும், ஏரோது மன்னனை நரி என்ற சொல்லும் அத்தகையனவே. சிம்சோன் பிடித்த 300 விலங்குகள் ஆங்கிலத்தில் தனித்துத் திரியும் குழிநரியினம்; கூட்டமாய்த் திரியும் நரியே அங்குப் பொருந்தும் என்பர் ஆராய்ச்சியாளர். எபிரேயச் சொல்லைப் போன்றே தமிழின் "நரி"யும் இரண்டுக்கும் இடந்தந்து நிற்கின்றது.

இவற்றுக்கெல்லாம் முடிமணி ஒன்றுண்டு. சாலோமோன் வேந்தனுக்குக் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் மயிலைக் குறிக்க எபிரேய நூலில் வரும் "துக்கி" எனும் சொல் தமிழின் "தோகை"யே என்று கால்டுவெல் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அச்சொல் வேறொரு குரங்கினத்தைக் குறிக்கும் எனக் கொள்வாரும் உளர். கால்டுவெல் கொள்கையே வலிதெனின், எபிரேயர் மயிலோடு அதன் பெயரையும் தமிழகத்தினின்று பெற்றனர் என்றாகும். அவர்கள் நம் மயிலைத் தம் நாட்டுக் கோழியாக மாற்றி எழுதவில்லை என்பதை உள்ளத்திற் கொள்க.

கழுதையும் வேந்தனும்

இனி, நம் ஆர்வலர்க்கு ஓர் எச்சரிக்கை. தூய தமிழாக்கம் என்பது பாலைத்தீனைத் தமிழகமாக்குவதன்று. இயேசு எருசலேமுள் கழுதை மீதமர்ந்து நுழைந்தார். எபிரேய மரபில் கழுதையூர்தி தலைவர்க்கும் உரியது. போர்க்குதிரையை விலக்கிக் கழுதைமேல் வரும் வேந்தன் அமைதியின் வேந்தன் எனச் செக்கரியா நூல் பாடுகின்றது. தமிழ் மரபிலோ கழுதை இழிவின் குறி. வென்ற வேந்தன் பகைவர் அரண்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்தலைப் புறநானூறு சொல்கின்றது. கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுதல் நம்மூரில் குற்றவாளிக்குரிய ஒறுப்பு. "தமிழன் நகைப்பானே, குதிரையாக்கிவிடுவோம்" என ஒருவர் எண்ணின் என்னாகும்? அமைதியின் வேந்தன் போர் வேந்தனாகிவிடுவான். நூலின் உள்ளுயிரே போய்விடும். அங்கே செய்யத்தக்கது, கழுதையைக் கழுதையென்றே எழுதி, அடியில் இரண்டு வரிக் குறிப்பு இடுவதே. தமிழன் தன் பழக்கத்திற்கு மாறான ஒன்றை அறிந்துகொள்ளட்டும். அயலார் உள்ளத்தை அறிவதற்கன்றோ மொழிபெயர்ப்பு?

"வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயா நாட்டைத் தமிழ் மருதமாகவே பாடவில்லையா?" எனின், பாடினார், அழகுறவே பாடினார். ஆனால் அது காப்பியம். காப்பியம் பாடுவோன் தன் உள்ளத்து நிலத்தைப் படைக்கின்றான்; அவனுக்கு அவ்வுரிமை உண்டு. மொழிபெயர்ப்போன் பிறன் உடைமையை ஒப்படைக்கின்றான். அவனுக்கு அவ்வுரிமை இல்லை. கம்பன் செய்ததைப் பத்திர எழுத்தன் செய்யலாகாது.

நாளை நம் குறளையும் அகப்பாடல்களையும் பிறர் தம் மொழியிற் பெயர்க்குங்கால், அன்றிலை வேறொரு பறவையாகவும், களிற்றைக் காட்டெருமையாகவும், குறிஞ்சியைப் பனிமலைப் பூவாகவும் மாற்றினால் நாம் பொறுப்போமா? பொறோம். நமக்கு வேண்டும் நேர்மையைப் பிறர் நூலுக்கும் நாம் வழங்கல் வேண்டும்.

செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால் முறைகள் மூன்று பெறப்படும். விலங்கு நிகழ்ச்சியிலேயே உறுப்பாயின் அதனை மாற்றலாகாது; கழுதையும் பன்றியும் இவ்வகை. ஒரு பண்பை மட்டும் சுட்ட ஒருகால் வந்துபோகும் உவமையாயின், நம் நாட்டு உவமை கொண்டோ வெளிப்படையாகவோ சொல்லலாம், பனிவெண்மை இவ்வகை. நூல் முழுதும் ஊடுபாவாய் ஓடும் உருவகமாயின், விலங்கைக் காத்து, அதற்குரிய தாய்மொழிச் சொல்லைத் தேடியோ ஆக்கியோ இடல் வேண்டும், மறி இவ்வகை. மூவகையிலும் அயன்மொழிச் சொல்லுக்கு வேலையில்லை.

தமிழ்க் கிறித்தவருள் இவ்வுணர்ச்சி அரும்பாமலில்லை. 1995இல் இரு சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் சுவிசேடம் நற்செய்தியாயிற்று. பரிசுத்த ஆவி தூய ஆவியாயிற்று. மேற்றிராணியார் என்றிருந்த கத்தோலிக்கத் தலைவர் இன்று ஆயர் எனப்படுகின்றார். முல்லைநிலத் தமிழ்ச்சொல் ஒன்று சமயத் தலைமைக்குப் பெயராக உயர்ந்தது, விலங்குருவகம் தமிழில் தன் வீட்டை அடைந்ததன் சான்று. ஆயன் வந்துவிட்டான், அவன் தோளில் மறியும் வருதல் வேண்டும்.

இப்பணி அச்சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. ஊர்ப்புறங்களில் ஆடு மேய்க்கும் முதியோர் நாவில் வயதுக்கும் நிறத்துக்கும் கொம்புக்கும் காதுக்கும் நடைக்குமாக எத்துணையோ பெயர்கள் இன்னும் உயிரோடு உள்ளன. கிடையும் மேய்ச்சல் நிலமும் குறையக் குறைய அச்சொற்களும் அவர்களோடு மறைகின்றன. அவற்றைத் தொகுத்து அகரமுதலியில் ஏற்றுதல் தமிழன்பர் ஒவ்வொருவர்க்கும் கடனாம். இனுயிட்டு மக்கள் 34 ஆண்டுகள் உழைத்துத் தம் மொழியில் ஒரு பெருநூலைத் தாமே கொணர்ந்தனர். இலக்கணமும் இலக்கியமும் அகரமுதலியும் நமக்குண்டு. இருந்தும் பாம்பைப் பாம்பென்று எழுத நாணுவோமாயின், குறை மொழியினிடத்ததன்று, நம்மிடத்தது. அக்குறை களைய இன்றே முனைவோமாக!